செங்குத்துத் தாரை விமானங்களில் காற்றோட்டக் குறுக்கீடு

ஜெட் எஞ்சினின் வெளியேற்றக் காற்றைத் தரையை நோக்கிப் பீய்ச்சி, அந்த எதிர்விசையின் பலத்தில் செங்குத்தாக எழும்பி இறங்கும் விமானங்கள் உண்டு. அவற்றின் தாரை, சுற்றியுள்ள காற்றோடும் விமானத்தின் உடலோடும் தரையோடும் உறவாடி உண்டாக்கும் விளைவுகள் அனைத்தையும் காற்றோட்டக் குறுக்கீடு என்கிறோம். எஞ்சினைச் சோதனை மேடையில் கட்டிவைத்து அளந்தால் ஓர் உந்துவிசை கிடைக்கும். அதே எஞ்சினை விமானத்தில் பொருத்தித் தரைக்குச் சில அடி உயரத்தில் நிறுத்தினால் கிடைக்கும் தூக்குவிசை வேறு, பெரும்பாலும் குறைவு. ஓடுபாதையில் ஓடி எழும்பும் விமானத்துக்குப் பத்து விழுக்காடு உந்துவிசை குறைந்தால் இன்னும் கொஞ்ச தூரம் ஓடவேண்டியிருக்கும், அவ்வளவுதான். செங்குத்தாக எழும்பும் விமானத்துக்கு அதே பத்து விழுக்காடு போனால் அது தரையைவிட்டு எழும்பவே எழும்பாது. 1950-களிலிருந்து முயன்று பார்க்கப்பட்ட இவ்வகை விமானங்களில் ஹாரியர், யாக்-38, எஃப்-35பி ஆகிய மூன்று குடும்பங்களே படைப்பணியில் நிலைத்தன. மற்றவை நின்றுபோனதற்குப் பணமும் அரசியலும் காரணம் என்பது உண்மை. ஆனால் அவற்றின் வயிற்றுக்கடியில் காற்று நடந்துகொண்ட விதமும் ஒரு காரணம்.

குறுக்கீடு நிகழும் விதம்

வேகமாகப் பாயும் தாரை தன் ஓரத்தில் நிற்கும் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். விமானம் உயரத்தில் அசையாமல் நிற்கும்போது இப்படி இழுபடும் காற்று இறக்கையின் அடிப்பரப்பை ஒட்டி ஓடுவதால் அங்கே அழுத்தம் சற்றுக் குறைகிறது. மேற்பரப்பில் அழுத்தம் மாறாமல் இருக்கிறது. விளைவு, விமானம் லேசாகக் கீழே இழுக்கப்படுகிறது. இந்தக் கீழிழுப்பு உயரத்தில் உந்துவிசையின் சில விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும்.

தரையை நெருங்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. குழாயடியில் சிமென்ட் தரைமேல் விழும் தண்ணீர் மெல்லிய தகடாக நாலாபுறமும் விரிவதைப்போல, தரையில் மோதிய தாரையும் தரையை ஒட்டிய அடுக்காகப் பரவி ஓடுகிறது. இந்த அடுக்கின் பரப்பு பெரிது. ஆகவே அது இழுத்துக்கொள்ளும் காற்றும் மிக அதிகம். அந்தக் காற்று விமானத்தின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள குறுகிய சந்து வழியாகத்தான் வந்தாகவேண்டும். சந்து குறுகக் குறுக அழுத்தம் சரிகிறது, கீழிழுப்பு மளமளவென்று ஏறுகிறது. இறக்கை அகலமாக, தாரை நடுவில் ஒன்றாக இருந்தால் நிலைமை மிக மோசம்.

தாரைகள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் கதை மாறுகிறது. தரையில் பரவி வரும் இரண்டு அடுக்குகள் நடுவில் எதிரெதிரே மோதிக்கொண்டு, போக வேறு வழியில்லாமல் மேல்நோக்கி ஓர் ஊற்றாக எழும்புகின்றன. அந்த ஊற்று விமானத்தின் வயிற்றில் மோதி அதை மேலே தள்ளுகிறது. கீழிழுப்பால் இழந்ததில் ஒரு பங்கு இப்படித் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஊற்றுக்கும் தாரைகளுக்கும் நடுவில் சிக்கிய காற்று சுழல்களாகி அங்கே கூடுதல் உறிஞ்சலை உண்டாக்கும். ஊற்று நிலையாக நிற்பதும் கிடையாது. விமானம் ஒருபக்கம் சாய்ந்தால் ஊற்றும் இடம் மாறும். சாய்வைச் சரிசெய்யவேண்டிய விசை சில வடிவங்களில் சாய்வை இன்னும் கூட்டிவிடும்.

மூன்றாவது தொல்லை சுடுகாற்று. ஊற்றாக எழும்பும் வெளியேற்றக் காற்று வயிற்றில் மோதி முன்புறமாக ஓடினால் நேரே எஞ்சினின் நுழைவாய்க்குள் போகும். இது வெகுவேகமாக, அதிகச் சூட்டோடு நிகழ்வது. இன்னொரு வழி சுற்றுவழி: தரையில் வெகுதூரம் பரவிய சூடான அடுக்கு, எதிர்க்காற்று பட்டோ தன் சூட்டால் இலேசாகியோ தரையைவிட்டு எழும்பி, மேலே சுருண்டு, விமானத்தை நோக்கித் திரும்பி வருவது. இதில் சூடு குறைவு. ஜெட் எஞ்சின் உள்வாங்கும் காற்று சூடானால் உந்துவிசை குறையும். அதோடு, சூடு நுழைவாயின் ஒருபகுதியில் மட்டும் திடீரென்று ஏறினால் அமுக்கியின் இதழ்களில் காற்றோட்டம் அறுந்து, எஞ்சின் வெடியோசையோடு திணறும். தரைக்கு ஐந்தாறு மீட்டர் உயரத்தில் அப்படி நேர்ந்தால் விமானிக்குச் செய்வதற்கு அதிகம் இல்லை.

செங்குத்து நிலையிலிருந்து முன்னோக்கிப் பறக்கத் தொடங்கும் இடைக்கட்டத்திலும் குறுக்கீடு விடுவதில்லை. எதிரே வரும் காற்று தாரையைப் பின்னோக்கி வளைக்கிறது. வளைந்த தாரை எதிரெதிராகச் சுழலும் இரட்டைச் சுழலாகிறது. தாரையின் பக்கங்களிலும் பின்னாலும் இறக்கையின் அடியில் அழுத்தம் குறைகிறது. தூக்குவிசை குறைவதோடு, உறிஞ்சல் பின்பக்கம் கூடுவதால் மூக்கு மேலே தூக்கிக்கொள்கிறது. வால் இறக்கைமேல் படும் காற்றின் கோணமும் மாறுகிறது.

தொடக்கச் சோதனைகள்

ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித் ஜெட் எஞ்சினையே தூக்குக் கருவியாக்கலாம் என்று வாதாடிவந்தவர். அதைச் சோதிக்க உருவானதுதான் 'பறக்கும் கட்டில்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்த கருவி. இரண்டு நீன் எஞ்சின்கள், ஒரு இரும்புச் சட்டம், நான்கு கால்கள். இறக்கையும் கிடையாது, உடலும் கிடையாது. 1953 ஜூலை 3 அன்று ஹக்னாலில் கயிற்றுக் கட்டோடு எழும்பியது. 1954 ஆகஸ்ட் 3 அன்று ரொனால்ட் ஷெப்பர்ட் அதைக் கட்டின்றிப் பறக்கவிட்டார். அழுத்தக் காற்றைப் பீய்ச்சிச் சமநிலை காக்கும் முறை வேலைசெய்யும் என்பதை அது நிரூபித்தது. குறுக்கீட்டைப் பற்றி அது கற்றுத்தந்தது குறைவு. உறிஞ்சப்படுவதற்கு அதில் பரப்பு ஏது?

வால்மேல் நின்று எழும்பும் விமானங்களும் இதேபோலத் தப்பித்துக்கொண்டவை. அமெரிக்காவின் ரயன் எக்ஸ்-13, 1957 ஏப்ரல் 11 அன்று செங்குத்தாக எழும்பி, கிடைமட்டமாகப் பறந்து, மீண்டும் செங்குத்தாக வந்து ஒரு வண்டியின் நிமிர்த்திய மேடையில் கொக்கியால் தொங்கியது. தாரை வாலின் கடைசியில் இருந்ததால் இறக்கையை அது தொந்தரவு செய்யவில்லை. ஆனால் மல்லாந்தபடி பின்னால் பார்த்து இறங்கவேண்டிய விமானியையும் ஒவ்வொரு இடத்துக்கும் தூக்கிச்செல்லவேண்டிய அந்த வண்டியையும் எந்தப் படையும் விரும்பவில்லை. பிரான்சின் கோலியோப்டர் 1959 ஜூலையில் நொறுங்கியதோடு அந்தக் கிளை முடிந்தது.

பாடம் தொடங்கியது, படுத்த நிலையிலேயே எழும்பும் விமானங்களில். 1957 பிப்ரவரியில் முதலில் எழும்பிய பெல் எக்ஸ்-14 விமானத்துக்குக் கால்கள் குட்டை. கீழிழுப்பும் சுடுகாற்றும் சேர்ந்து தொல்லை தர, கால்களை உயர்த்தினார்கள். தீர்வு எளிது, பலன் உண்மை, ஆனால் எல்லா விமானத்துக்கும் பொய்க்கால் கட்டமுடியாது.

வட அயர்லாந்தின் ஷார்ட் நிறுவனம் செய்த எஸ்சி.1 இன்னும் தெளிவான உதாரணம். முக்கோண இறக்கை, உடலின் நடுவில் நெருக்கமாக நிறுத்திய நான்கு ஆர்பி.108 தூக்கு எஞ்சின்கள். முன்செலுத்த வாலில் ஐந்தாவது. நான்கு தாரைகளும் ஒட்டி நின்றதால் தரைக்கு அவை ஒற்றைத் தாரைதான். நடுவில் ஊற்று எழும்ப இடமில்லை. சுற்றிலும் அகன்ற இறக்கை. கீழிழுப்பு எப்படியெல்லாம் கூடுமோ அப்படியெல்லாம் அமைந்த வடிவம் அது. எனவே தொடக்கச் சோதனைகளைத் தரைக்கு மேல் எழுப்பிய கம்பிவலை மேடையில் செய்தார்கள். தாரை வலைக்குள் புகுந்து கீழே போய்விடும், திரும்பி வராது. 1958 மே 23 அன்று கட்டோடும் அக்டோபர் 25 அன்று கட்டின்றியும் எழும்பிய எஸ்சி.1, 1960 ஏப்ரல் 6 அன்று டாம் புரூக் ஸ்மித் கையில் செங்குத்திலிருந்து கிடைமட்டத்துக்கு முழுமையாக மாறிக் காட்டியது. ஆராய்ச்சி விமானமாக அது பல ஆண்டுகள் உழைத்தது. போர் விமானமாக அந்த அமைப்பு தேறாது என்பதையும் அதுவே காட்டிக்கொடுத்தது.

அளவீடுகள்

விமானங்கள் தரையில் பட்ட பாட்டை ஆய்வுக்கூடம் எண்ணாக மாற்றத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். அமெரிக்காவின் நாகா அமைப்பில் ஸ்ப்ரீமன், ஷெர்மன் இருவரும் தட்டையான பலகையின் அடியில் ஒரு தாரையை வைத்து, தரை நெருங்க நெருங்க உந்துவிசை எவ்வளவு குறைகிறது என்பதை அளந்து 1958-ல் வெளியிட்டார்கள். பிரிட்டனின் அரச விமான ஆய்வு நிலையத்தில் வயாட் பல வடிவப் பலகைகளில் இதையே செய்து 1960-களின் தொடக்கத்தில் ஒரு சூத்திரத்துக்கு வந்தார். பலகையின் சராசரி விட்டத்திலிருந்து தாரையின் விட்டத்தைக் கழி. பலகையின் உயரத்தை அதனால் வகு. கிடைக்கும் விகிதத்தின் 2.3-ஆவது அடுக்கிற்கு இழப்பு எதிர்மாறானது. பெருக்கு எண் 0.012. இவ்வளவுதான் சூத்திரம்.

இதன் கொடுமை அந்த அடுக்கில் இருக்கிறது. பலகையின் சராசரி விட்டம் தாரையைப்போல் 6 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். தாரை விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் இழப்பு சுமார் 10 விழுக்காடு. உயரத்தைப் பாதியாக்கினால் இழப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. உந்துவிசையில் பாதி காணாமல் போகிறது. இறங்கும் விமானத்தைக் கடைசி ஒரு மீட்டரில் தரை பிடித்து இழுப்பதுபோல் விமானிகள் உணர்ந்ததற்குக் கணக்கு இதுதான். இன்றும் முதல் மதிப்பீட்டுக்கு இந்தச் சூத்திரத்தைத்தான் மாணவர்கள் கையிலெடுக்கிறார்கள். ஒற்றைத் தாரைக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதைச் சிலர் மறந்தும் விடுகிறார்கள்.

முன்னோக்கிய வேகத்தில் நிகழும் குறுக்கீட்டை நாசாவின் லாங்லி மையத்தில் ரிச்சர்ட் கூன், ரிச்சர்ட் மார்கசன் போன்றோரும், பிரிட்டனில் வில்லியம்ஸ், வுட் ஆகியோரும் காற்றுச் சுரங்கத்தில் வரிசையாகச் சோதித்தார்கள். அதில் வடிவமைப்பாளர்களுக்கு நேரடியாகப் பயன்பட்ட முடிவு ஒன்று: தாரை இறக்கையின் முன்விளிம்பை ஒட்டியோ நடுவிலோ கிளம்பினால் தூக்குவிசை குறைகிறது, பின்விளிம்பை ஒட்டிக் கிளம்பினால் அந்த இழப்பு சுருங்குகிறது, சில நிலைகளில் லாபமாகவும் மாறுகிறது. குறுக்கீட்டை அதுவரை ஒரு வரியாகக் கட்டிவந்தவர்கள், தாரையை எங்கே வைப்பது என்பதே வடிவமைப்பின் முதல் கேள்வி என்று உணர்ந்தது இங்கேதான்.

பி.1127 முதல் ஹாரியர் வரை

பிரெஞ்சுப் பொறியாளர் மிஷல் விபோவின் யோசனையை பிரிஸ்டல் நிறுவனத்தில் ஸ்டான்லி ஹூக்கரும் கோர்டன் லூயிஸும் பெகாசஸ் எஞ்சினாக்கினார்கள். ஹாக்கர் நிறுவனத்தில் சிட்னி காமின் கீழ் ரால்ஃப் ஹூப்பர் அதைச் சுற்றி ஒரு விமானம் வரைந்தார். ஒரே எஞ்சின், திருப்பக்கூடிய நான்கு முனைகள். முன்னிரண்டில் விசிறிக் காற்று, சுமார் 100 டிகிரி செல்சியஸ் சூடு. பின்னிரண்டில் எரிந்த காற்று, 600 டிகிரிக்கு மேல். நான்கு முனைகளும் உடலின் இருபுறமும் விலகி நின்றதால் நடுவில் ஊற்று எழும்ப இடம் கிடைத்தது. அது மோத உடலின் அகன்ற வயிறும் இருந்தது. நுழைவாய்க்கு அருகிலிருந்தவை குளிர்ந்த முனைகள் என்பதால் உள்ளே புகுந்த காற்றும் அவ்வளவு சூடில்லை. இவை எல்லாவற்றையும் முன்கூட்டியே கணித்து வரைந்தார்கள் என்று சொல்வது மிகை. நல்ல அமைப்பு ஒன்று வாய்த்தது. அதன் நன்மைகள் பின்னால் ஒவ்வொன்றாகப் புரிந்தன.

1960 அக்டோபர் 21 அன்று டன்ஸ்ஃபோல்டில் பில் பெட்ஃபர்ட் பி.1127-ஐக் கட்டோடு எழுப்பினார். கார் விபத்தில் முறிந்த காலில் மாவுக்கட்டு போட்டிருந்த நிலையில் அவர் செய்த காரியம் இது. எஞ்சின் தந்தது 11,300 பவுண்டு உந்துவிசை. விமானத்தின் எடை அதைவிடச் சற்றே குறைவு. அவசியமில்லாத பொருள்களையெல்லாம் கழற்றி வைத்த பிறகுதான் அந்தச் சற்றும் கிடைத்தது. தரையில் குழி வெட்டி, மேலே கம்பிவலை போட்டு, தாரையை அதற்குள் இறக்கி ஒதுக்குப்புறமாக வெளியேற்றினார்கள். குறுக்கீட்டை அகற்றிவிட்டு எஞ்சினையும் கட்டுப்பாட்டையும் மட்டும் சோதிக்க இது நல்ல வழி. நவம்பர் 19 அன்று கட்டின்றி எழும்பியது. 1961 செப்டம்பர் 12 அன்று செங்குத்திலிருந்து கிடைமட்டத்துக்கும் திரும்பச் செங்குத்துக்கும் முழு மாற்றம் கைகூடியது. இந்த மாற்றம் கைகூடும் என்ற நம்பிக்கைக்கு லாங்லியில் ஆறில் ஒரு பங்கு அளவு மாதிரியைக் காற்றுச் சுரங்கத்துக்குள் பறக்கவிட்டுப் பார்த்த சோதனைகள் பெரிதும் துணைநின்றன.

இதன் அடுத்த வடிவமான கெஸ்ட்ரலை பிரிட்டன், அமெரிக்கா, மேற்கு ஜெர்மனி மூன்றும் கூட்டாக வெஸ்ட் ரெய்னமில் 1964, 1965-ல் சோதித்தன. புல்தரை பிய்ந்து பறந்தது. மண்ணும் கல்லும் எஞ்சினுக்குள் போயின. நின்ற இடத்திலேயே எழும்புவதைவிடக் கொஞ்சம் உருண்டபடி எழும்பினால் சுடுகாற்றும் குப்பையும் பின்தங்கிவிடும், கூடுதல் எடையும் தூக்கலாம் என்பது அங்கே பழக்கத்தில் உறுதிப்பட்டது. குறுகிய ஓட்டத்தில் எழும்பி, செங்குத்தாக இறங்கும் முறை பிற்கால விமானங்கள் எல்லாவற்றுக்கும் விதியானது இப்படித்தான். செங்குத்து விமானம் என்று பெயர் வாங்கிய ஹாரியர் படைப்பணியில் செங்குத்தாக எழும்பியது குறைவு.

1969-ல் பணியில் சேர்ந்த ஹாரியரின் வயிற்றில் துப்பாக்கிக் கூடுகள் இரண்டு நீளவாக்கில் தொங்கின. துப்பாக்கி வேண்டாத நாளில் அவற்றுக்குப் பதிலாக இரண்டு நீளமான தடுப்புப் பட்டைகளைப் பொருத்துவார்கள். இரண்டுக்கும் காற்றைப் பொறுத்தவரை வேலை ஒன்றே: எழும்பிவரும் ஊற்று பக்கவாட்டில் வழிந்து ஓடிவிடாமல் பிடித்து வைப்பது. அமெரிக்காவின் மெக்டொனல் டக்ளஸ் நிறுவனம் 1970-களின் இறுதியில் ஏவி-8பி விமானத்தை உருவாக்கியபோது இந்த யோசனையை முழுமையாக்கியது. பட்டைகளைப் பெரிதாக்கி, முன்பக்கம் குறுக்கே மடக்கக்கூடிய ஒரு தடுப்பையும் வைத்தது. மூன்று பக்கம் அடைத்த இந்தப் பெட்டிக்குள் ஊற்று சிக்கிக்கொண்டு விமானத்தைத் தூக்கும். முன்னால் ஓடி நுழைவாய்க்குப் போகவும் முடியாது. கிடைத்த கூடுதல் தூக்குவிசை சுமார் 1,200 பவுண்டு, அதாவது 540 கிலோவுக்கு மேல். எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் சில தகடுகளால் பெற்றது இது. இந்தத் துறையின் வரலாற்றில் இவ்வளவு மலிவாகக் கிடைத்த வெற்றி வேறில்லை.

ஹாரியரின் இன்னொரு ஆபத்து பக்கவாட்டுக் காற்று. மெதுவாகப் பறக்கும்போது எஞ்சின் விழுங்கும் பெருமளவு காற்றைத் திருப்பி உள்ளே இழுப்பதாலேயே மூக்கில் ஒரு பக்கவிசை பிறக்கிறது. அது விமானத்தைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பப் பார்க்கும். அதோடு பின்னோக்கிச் சரிந்த இறக்கையின் உருள்விசையும் சேர்ந்தால், சமநிலை காக்கும் சிறு தாரைகளால் மீட்கமுடியாதபடி விமானம் புரண்டுவிடும். சோதனைக் காலத்தில் இதற்கு உயிர்ப்பலியும் நேர்ந்தது. விமானியின் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சின்னக் காற்றுகாட்டி நிற்பதை ஹாரியர் படங்களில் காணலாம். இடைக்கட்டத்தில் அதை நேராக வைத்திருப்பது விமானியின் முதல் கடமை.

இந்தியக் கடற்படைக்கு முதல் சீ ஹாரியர்கள் 1983 டிசம்பரில் கோவாவின் தாபோலிமுக்கு வந்தன. விக்ராந்திலிருந்தும் பின்னர் விராட்டிலிருந்தும் பறந்து, 2016-ல் ஓய்வுபெற்றன. பிரிட்டனின் குளிர்கடலுக்கு வரைந்த விமானம் அரபிக்கடலின் வெக்கையில் இறங்கும்போது எஞ்சினின் உந்துவிசை ஏற்கெனவே குறைவு. அதன்மேல் சுடுகாற்றும் உட்புகுந்தால் மிச்சம் வெகு சொற்பம். செங்குத்தாக இறங்கும் சில நொடிகளுக்காக எஞ்சினுக்குள் தண்ணீர் தெளித்து வலிமை கூட்டும் ஏற்பாடு பெகாசஸில் இருந்தது இதற்காகவே.

பல எஞ்சின்களின் பாதை

தூக்குவதற்குத் தனி எஞ்சின்கள், பறப்பதற்குத் தனி எஞ்சின் என்ற கிரிஃபித்தின் பாதையை ஐரோப்பா 1960-களில் ஆர்வத்தோடு பின்பற்றியது. டாசோவின் பால்சாக் 1962 அக்டோபரில் எட்டுத் தூக்கு எஞ்சின்களோடு எழும்பியது. 1964-லும் 1965-லும் இரு விபத்துகளில் இரு விமானிகளைப் பலிகொண்டது. அதன் பெரிய வாரிசான மிராஜ் III-வி, 1966 செப்டம்பரில் ஒலியின் இருமடங்கு வேகத்தைத் தாண்டியது. அதே ஆண்டு நவம்பரில் நொறுங்கியது. ஜெர்மனியின் விஜே 101சி இறக்கை நுனிகளில் திரும்பும் எஞ்சின்களை வைத்து 1963 ஏப்ரலில் எழும்பியது. டோர்னியர் டூ 31 சரக்கு விமானம் இரண்டு பெகாசஸ், எட்டுத் தூக்கு எஞ்சின்கள் என்று பத்தைச் சுமந்து 1967-ல் பறந்தது.

எஞ்சின்கள் பெருகப் பெருகத் தரையில் மோதும் இடங்களும் பெருகின. ஊற்றுகள் ஒன்றல்ல, பலவாயின. தூக்கு எஞ்சின்களில் குளிர்ந்த முனை என்று எதுவும் இல்லை, எல்லாம் எரிந்த காற்று. நுழைவாய்களும் பல, ஏதாவது ஒன்றுக்குச் சுடுகாற்று போய்ச்சேராமல் காப்பதே பெரும்பாடு. எட்டில் ஒன்று திணறினாலும் விமானம் சாயும். டூ 31-இல் நாசாவும் பங்கெடுத்துச் சோதனைகள் செய்தது. 1970-ல் திட்டம் கைவிடப்பட்டது. எண்ணிக்கையால் பாதுகாப்பு தேடிய இந்தப் பாதை தவறான பாதை என்றே சொல்லவேண்டும்.

சோவியத் நாட்டின் யாகோவ்லெவ் நிறுவனம் மட்டும் அதில் ஒரு சமரசம் கண்டது. யாக்-38, முன்னால் இரண்டு தூக்கு எஞ்சின்களும் பின்னால் திரும்பும் முனைகளோடு ஒரு முதன்மை எஞ்சினும் கொண்டது. 1972 நவம்பரில் மாஸ்க்வா கப்பலில் இறங்கி, பின்னர் கீவ் வகைக் கப்பல்களில் பணியாற்றியது. முதுகில் தூக்கு எஞ்சின் நுழைவாயின் இருபுறமும் நிற்கும் இரண்டு வேலிகள் சுடுகாற்றைத் தடுக்க வைத்தவை. வயிற்றிலும் பட்டைகள் உண்டு. ஆனாலும் வெப்பக் கடல்களில் அது தடுமாறியது. 1980-ல் ஆப்கானிஸ்தானின் ஷிந்தாந்தில் சோதித்தபோது உயரமும் வெயிலும் சேர்ந்து அதன் சுமக்கும் திறனைச் சுருக்கிவிட்டன. விமானம் திடீரென்று புரண்டால் விமானி முடிவெடுக்க நேரமிருக்காது என்பதால், குறிப்பிட்ட சாய்வைத் தாண்டினால் இருக்கை தானாகவே அவரை வெளியே எறியும்படி அமைத்திருந்தார்கள்.

அடுத்து வந்த யாக்-141 ஒலியைவிட வேகமானது. 1991 அக்டோபர் 5 அன்று அட்மிரல் கோர்ஷ்கோவ் கப்பலின் தளத்தில் பலமாக மோதி இறங்கித் தீப்பற்றியது; சோவியத் நாடு கலைந்ததும் திட்டமும் போயிற்று. அந்தக் கப்பல்தான் ஓடுதளம் நீட்டப்பட்டு, இன்று விக்ரமாதித்யா என்ற பெயரில் இந்தியக் கடற்படையில் இருக்கிறது.

குறுக்கீட்டையே கருவியாக்கும் முயற்சி

தாரை பக்கத்துக் காற்றை இழுக்கிறது என்றால், அந்த இழுப்பையே தூக்குவிசையாக்கினால் என்ன? கனடாவின் அவ்ரோ நிறுவனம் 1959-ல் பறக்கவிட்ட அவ்ரோகார், தட்டு வடிவ விமானம். விளிம்பு முழுவதும் காற்றைக் கீழே பீய்ச்சி, அடியில் ஒரு காற்றுமெத்தையைச் சிறைப்பிடித்தது. மெத்தைமேல் இருக்கும்வரை சரி. மூன்றடிக்கு மேல் எழும்பினால் தட்டு தள்ளாடத் தொடங்கியது. 1961-ல் நிறுத்தினார்கள்.

லாக்ஹீடின் எக்ஸ்வி-4 தாரையை உடலுக்குள் உள்ள அறைகளில் பீய்ச்சி, மேலிருந்து வெளிக்காற்றையும் இழுத்து, கூடுதல் விசை பெற முயன்றது, எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. இதே யோசனையை இறக்கைகளுக்குள் வைத்தது ராக்வெல்லின் எக்ஸ்எஃப்வி-12ஏ. ஆய்வுக்கூடத்தில் 55 விழுக்காடு கூடுதல் விசை வரும் என்றார்கள். முழு அளவு விமானத்தை லாங்லியில் கட்டித் தொங்கவிட்டு அளந்தபோது பெரிய இறக்கையில் 19, முன்சிறகில் 6 விழுக்காடுதான் வந்தது. தன் எடையில் முக்கால் பங்கைத்தான் அதனால் தூக்க முடிந்தது. மாதிரியில் நன்றாகக் கலந்த காற்று பெரிய உருவில், மூலைமுடுக்குகள் நிறைந்த குழாய்களில், அப்படிக் கலக்கவில்லை.

தாரையைச் சூடாக்கி வலுவைக் கூட்டும் பாதையும் இங்கேதான் தடைபட்டது. பெகாசஸின் முன்முனைகளிலும் எரிபொருளை எரித்தால் ஒலியைவிட வேகமான ஹாரியர் செய்யலாம். 1965-ல் கைவிடப்பட்ட பி.1154 அப்படிப்பட்டது. 1980-களில் ஷூபரினெஸில் ஒரு ஹாரியர் உடலைத் தூக்குச்சட்டத்தில் தொங்கவிட்டு இதை மீண்டும் சோதித்தார்கள். முன்முனை குளிர்ந்திருந்ததே ஹாரியருக்குக் காவலாக இருந்தது. அதைச் சூடாக்கியதும் நுழைவாய்க்குச் சூடும் தளத்துக்குச் சேதமும் ஏறின.

எக்ஸ்-32, எக்ஸ்-35, அதன் பிறகு

2001-ல் அமெரிக்காவில் நடந்த போட்டியில் இரண்டு தத்துவங்கள் நேருக்கு நேர் நின்றன. போயிங்கின் எக்ஸ்-32பி ஹாரியரின் வழியில், எஞ்சினின் சூடான தாரையையே கீழே திருப்பியது. பெரிய வாய் பிளந்த நுழைவாய்க்குச் சுடுகாற்று வராமல் தடுக்க, நடுவே குளிர்ந்த காற்றைத் திரைபோல் கீழே பீய்ச்சினார்கள். அப்படியும் சுடுகாற்று புகுந்து எஞ்சின் திணறியது உண்டு. மிதந்து காட்டுவதற்காக நுழைவாய் உதட்டையும் சக்கரக் கதவுகளையும் கழற்றி எடையைக் குறைக்கவும் வேண்டியிருந்தது.

லாக்ஹீட் மார்ட்டினின் எக்ஸ்-35பி-இல் விமானியின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய விசிறி. எஞ்சினின் சுழல்தண்டு அதைச் சுற்றும். அது குளிர்ந்த காற்றைக் கீழே தள்ளும். யோசனை பால் பெவிலாக்வாவுடையது. எக்ஸ்எஃப்வி-12ஏ திட்டத்தில் ராக்வெல்லில் பணியாற்றியவர் அவர். தாரையும் காற்றும் கலப்பதை நம்பி ஏமாந்த கதையை உள்ளிருந்து பார்த்தவர். விசிறியின் குளிர்ந்த தாரை முன்னால் விழுவதால் பின்னால் விழும் சூடான தாரை நுழைவாய்ப் பக்கம் வரமுடியாது. 2001 ஜூலை 20 அன்று ஒரே பறத்தலில் குறுகிய ஓட்டத்தில் எழும்பி, ஒலியைத் தாண்டி, செங்குத்தாக இறங்கியது. அக்டோபரில் போட்டியையும் வென்றது.

அதிலிருந்து பிறந்த எஃப்-35பி 2010 மார்ச் 18 அன்று முதன்முதலாகச் செங்குத்தாக இறங்கியது. மிதக்கும்போது அது பெறும் தூக்குவிசை சுமார் 40,000 பவுண்டு. அதில் ஏறக்குறைய பாதி விசிறியிலிருந்து. வயிற்றில் ஆயுத அறையின் உட்கதவுகளைத் திறந்து வைத்து இறங்குவது, ஏவி-8பி-இன் தடுப்புப் பட்டைகள் செய்த அதே வேலைக்காக. நுழைவாய்ப் பிரச்சினை பெரிதும் தீர்ந்தது. தரையின் பிரச்சினை தீரவில்லை. பின்முனையின் சூட்டையும் வேகத்தையும் தாங்க அமெரிக்கக் கப்பல்களின் தளங்களுக்குத் தனிப் பூச்சு தேவைப்பட்டது. 2018 அக்டோபரில் குவீன் எலிசபெத் கப்பலில் பிரிட்டன் சோதித்த உருளும் இறக்கமும், அரை நூற்றாண்டுக்கு முன் கெஸ்ட்ரல் கண்ட தீர்வின் மறுபதிப்பே: மெதுவாக முன்னே நகர்ந்தபடி இறங்கினால் இறக்கையும் கொஞ்சம் தூக்கும், திருப்பிக் கொண்டுவரும் எடையும் கூடும்.  

கணினிகள் இன்று தரையருகே நிற்கும் விமானத்தைச் சுற்றிய ஓட்டத்தை நொடிக்கு நொடி வரைந்து காட்டுகின்றன. ஆனாலும் ஊற்று இடம் மாறித் துடிப்பதை அவை நம்பத்தக்க துல்லியத்தில் சொல்வதில்லை; பெரிய அளவு மாதிரியும் சூடான தாரையும் வைத்துச் செய்யும் சோதனைகள் இன்னும் ஒழியவில்லை. தற்போது உற்பத்தியில் உள்ள செங்குத்தாக இறங்கும் ஒரே போர் விமானம் எஃப்-35பி. அமெரிக்கா, பிரிட்டன், இத்தாலி, ஜப்பான் ஆகியவை அதை வாங்கியுள்ளன; நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்ப நாடான சிங்கப்பூர் 12 விமானங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறது.